நாளும் பெயரும் எழுதி வைத்தவர்கள்

குவாத்தமாலாவின் வடக்கே, பெத்தேன் காட்டுக்குள் இருக்கும் டிக்கால் நகரில் 1960-இல் ஒரு கல்தூண் கிடைத்தது. கோயில் ஒன்றின் உள்ளே புதைந்திருந்த அதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக அகழாய்வுக் குழு வெளியே எடுத்தது. அடிப்பகுதி உடைந்திருந்தது, பழங்காலத்திலேயே யாரோ அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து கோயிலுக்குள் வைத்து மூடியிருந்தார்கள். இன்று 31-ஆம் எண் தூண் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் அந்தக் கல் கி.பி. 445-இல் நாட்டப்பட்டது. முகப்பில் முழு அணிகலன்களோடு ஒரு மாயா அரசன் நிற்கிறான். இரு பக்கங்களிலும் அவனுடைய தந்தை. ஆனால் தந்தை அணிந்திருப்பது மாயா உடை அன்று. ஈட்டியெறி கருவியும் சதுரக் கேடயமும் ஏந்திய வேற்றுநாட்டுப் போர்வீரனின் கோலம். பின்புறம் முழுக்க எழுத்து.

அந்த எழுத்து ஒரு நாளைக் குறிப்பிடுகிறது. மாயர்களின் நெடுங்கணக்கில் அது 8.17.1.4.12. அந்தக் கணக்கு தொடங்கும் கி.மு. 3114 ஆகஸ்டிலிருந்து 12,74,852 நாட்கள் கடந்த நாள். நம் கணக்கில் கி.பி. 378 ஜனவரி. அன்று சியாஜ் காக் என்பவன் மேற்கிலிருந்து டிக்காலுக்கு வந்து சேர்ந்தான். அதே நாளில் டிக்காலின் அரசன் சாக் தோக் இச்சாக் ‘நீருக்குள் புகுந்தான்’, அதாவது இறந்தான். அடுத்த ஆண்டு புதிய அரசன் ஒருவன் அரியணை ஏறினான். அவன் டிக்காலின் பழைய அரச மரபில் வந்தவன் அல்லன். ஈட்டியெறி கருவியும் ஆந்தையும் சேர்ந்த குறியால் பெயர் எழுதப்படும் ஒரு தலைவனின் மகன். தூணின் பக்கங்களில் அயல்நாட்டுக் கோலத்தில் நிற்பவன் அவன்தான். தூணை நாட்டியவன் அவன் மகன்.

யார், என்று, எங்கிருந்து வந்தார், அதனால் யார் வீழ்ந்தார், யார் எழுந்தார் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. நிகழ்ச்சி நடந்து 67 ஆண்டுகளுக்குள், அதில் நேரடித் தொடர்புடைய குடும்பமே எழுதியது. உலகில் எங்கு கிடைத்தாலும் இதை நாம் வரலாற்று ஆவணம் என்போம். ஆனால் மெசோஅமெரிக்கா என்றழைக்கப்படும் நிலப்பரப்பில், அதாவது நடு மெக்சிகோ தொடங்கி குவாத்தமாலா, பெலீஸ் வழியாக ஹோண்டுராஸ், எல் சால்வடோர் வரை விரியும் நாட்டில், இப்படிப்பட்ட எழுத்து நூற்றுக்கணக்கில் இருந்தும் அந்த மக்களுக்கு எழுதப்பட்ட வரலாறு இல்லை என்றே இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை பெரிய அறிஞர்கள் நம்பினார்கள். பிரமிடு, நரபலி, மர்மமாக மறைந்த இனம் என்ற அளவில் பொதுப்பேச்சு இன்றும் நின்றுவிடுவதற்கு அந்த நம்பிக்கையின் நீண்ட நிழலே காரணம் என்று நினைக்கிறேன். அந்த மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்தார்கள். அந்த எழுத்திலிருந்து தொடங்காத எந்த வரலாறும் அவர்களுக்குச் செய்யும் அநீதி.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? முதலில் நெருப்பிலிருந்து. 1562 ஜூலையில், யுகத்தான் தீபகற்பத்தின் மானி என்ற ஊரில், பிரான்சிஸ்கன் துறவி டியேகோ டி லாண்டா மாயர்களின் சுவடிகளைக் குவித்து எரித்தார். அத்திமர இனத்தின் உட்பட்டையை அடித்துத் தாளாக்கி, சுண்ணம் பூசி, இருபுறமும் எழுதி, விசிறிபோல் மடித்து வைத்த சுவடிகள் அவை. எரிப்பதைப் பார்த்த மக்கள் பெருந்துயரம் அடைந்ததை லாண்டாவே பின்னர் எழுதியிருக்கிறார். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மாயா சுவடிகள் நான்கு. டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களின் பெயரால் அழைக்கப்படும் மூன்றும், மெக்சிகோவில் இருக்கும் ஒன்றும். நான்கும் பெரும்பாலும் வானியலும் சடங்கும் நாட்பலனும் பேசுபவை. அரசர்களின் கதையையும் ஊர்களின் கதையையும் சொன்ன சுவடிகள் இருந்திருந்தால் அவற்றில் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

எஞ்சிய சுவடிகளில் எண்களும் வானியலும் மிகுந்திருந்ததால், எண்களே முதலில் புரிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிரெஸ்டன் நூலகத்தில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமன் தன் பொறுப்பில் இருந்த சுவடியைக் கொண்டே மாயர்களின் இருபதடிமான எண்முறையையும், இடமதிப்பையும், சுழியக் குறியையும், வெள்ளிக் கோளின் 584 நாள் சுழற்சி அட்டவணையையும் அவிழ்த்தார். ஐந்து வெள்ளிச் சுழற்சிகள் எட்டு 365 நாள் ஆண்டுகளுக்குச் சமம் என்ற பொருத்தத்தை அந்த அட்டவணை பயன்படுத்துகிறது: இரண்டுமே 2,920 நாட்கள். இது பெரிய சாதனை. ஆனால் ஒரு பக்கவிளைவும் உண்டாயிற்று. எண்கள் மட்டும் புரிந்ததால், எண்களைத் தவிர வேறொன்றும் அங்கே இல்லை என்ற எண்ணம் வேரூன்றியது. காலத்தையே தெய்வமாக வணங்கிய, அமைதியான வானியல் பூசாரிகள் ஆண்ட நாடு என்றொரு சித்திரம் உருவாயிற்று. அதை மிக அழகாக எழுதியவரும், அதை எதிர்த்தவர்களை மிகக் கடுமையாகத் தாக்கியவரும் ஆங்கிலேய ஆய்வாளர் எரிக் தாம்சன். கல்தூண்களில் இருக்கும் மனித உருவங்கள் தெய்வங்கள் அல்லது பூசாரிகள், தேதிகள் வானியல் குறிப்புகள் என்பது அக்காலத்து முடிவு. ஹோண்டுராஸில் கோப்பான் நகரத்துப் பீடம் ஒன்றில், பக்கத்துக்கு நால்வராக 16 பேர் அமர்ந்திருக்கிறார்கள். அதை நாட்காட்டியைத் திருத்தக் கூடிய வானியலாளர் மாநாடு என்று நெடுங்காலம் விளக்கினார்கள். அவர்கள் 16 பேரும் கோப்பானின் அரசர்கள். ஒவ்வொருவரும் தம் பெயரெழுத்தின்மேல், சிலர் பதவிக்குறிமேல், அமர்ந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கப் பயணி, 1841-இல் வெளியான தன் நூலில், கோப்பானின் வரலாறு அதன் கற்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று நம்புவதாக எழுதியிருந்தார். ஒரு குறியைக்கூட வாசிக்கத் தெரியாத பயணியின் கண்ணுக்குப் பட்டது, அடுத்த நூறாண்டு அறிஞர்களுக்குப் படவில்லை.

சித்திரம் உடைந்தது இரண்டு திசைகளிலிருந்து. முதல் திசை லெனின்கிராட். யூரி நோரோசோவ் என்ற இளம் ஆய்வாளர், மாயா நாட்டை நேரில் பாராமலே, 1952-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சுவடிகளை எரித்த அதே லாண்டா, மாயா ‘அகரவரிசை’ என்று ஒரு பட்டியலை எழுதி வைத்திருந்தார். அதை வைத்து வாசிக்க முயன்றவர்கள் எல்லாரும் தோற்றதால் அது பயனற்றது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. நோரோசோவ் அதை வேறுவிதமாகப் பார்த்தார். லாண்டா எழுத்தின் பெயரை ஸ்பானிய முறையில் ‘பே’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறார்; மாயா எழுத்தர் அந்த ஒலிக்குரிய ‘பே’ என்ற அசையை எழுதிக் காட்டியிருக்கிறார். ஆக, அந்தப் பட்டியல் அகரவரிசையும் அன்று, பிழையும் அன்று. அசையெழுத்துகளின் ஒரு துண்டு. மெய்யும் உயிரும் சேர்ந்தே வரும் உயிர்மெய்யில் எழுதிப் பழகிய நமக்கு இது உடனே விளங்கும். டிரெஸ்டன் சுவடியில் வான்கோழிப் படத்தின் மேல் இரண்டு குறிகள். முதலாவது லாண்டாவின் ‘கு’. யுகத்தான் மாயாவில் வான்கோழி ‘குட்ஸ்’. எனவே இரண்டாவது குறி ‘ட்ஸு’ என்று ஊகித்தார். இறுதி உயிர் ஒலிப்பதில்லை. அதே ‘ட்ஸு’ நாய்ப் படத்தின் மேல் முதலில் வர, அடுத்து லாண்டாவின் ‘லு’ நின்றது. நாய் ‘ட்ஸுல்’. பூட்டுக்கும் சாவிக்கும் பொருத்தம் சரியாக விழுந்தது. தாம்சன் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. பனிப்போர்க் காலம் என்பதும் ஏற்பைத் தாமதப்படுத்தியது. (சிந்துவெளி எழுத்துகளைக் கணினி உதவியோடு ஆராய்ந்து, அவற்றின் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்திருக்கலாம் என்று 1960-களில் சொன்ன சோவியத் குழுவை வழிநடத்தியவரும் இதே நோரோசோவ்தான்.)

இரண்டாவது திசையிலிருந்து வந்தவர் தத்தியானா புரோஸ்கூரியாக்கோவ். சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், கட்டடக்கலை படித்தவர். வேலை கிடைக்காத பொருளாதார மந்தக் காலத்தில், பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற மாயா நகரத்தின் அகழாய்வுக்கு ஓவியராகப் போனார். அந்நகரத்துத் தூண்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஓர் ஒழுங்கு புலப்பட்டது. தூண்கள் குழுக்குழுவாக நிற்கின்றன. ஒவ்வொரு குழுவின் முதல் தூணிலும் மாடக்குழியில் ஒருவர் புதிதாக ஏறி அமர்ந்திருக்கிறார். அதில் இரண்டு தேதிகள். முன்னதற்கும் பின்னதற்கும் இடையே பன்னிரண்டு முதல் முப்பத்தோரு ஆண்டுகள். ஒரு குழுவின் மொத்தக் காலமும் ஒரு மனித ஆயுளை மீறவில்லை. முன்னது பிறப்பு, பின்னது அரியணையேற்றம், குழு என்பது ஓர் ஆட்சி என்று 1960-இல் ‘அமெரிக்கன் ஆன்டிக்விட்டி’ இதழில் எழுதினார். பூசாரிகளின் நீண்ட அங்கி என்று கருதப்பட்ட உடையில் இருப்பவர்கள் அரச குடும்பத்துப் பெண்கள் என்பதையும் அவரே காட்டினார். ஒலியை வாசிக்காமல், எண்களின் இடைவெளியை மட்டும் கொண்டு அவர் இதைச் சாதித்தார். அச்சேறுமுன் அதைப் படித்த தாம்சன், அவர் சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1958-இல், ஹைன்ரிச் பெர்லின் ஒவ்வொரு நகரத்துக்கும் தனி இலச்சினைக் குறி இருப்பதைக் கண்டறிந்திருந்தார். நகரமும் அரசரும் தேதியும் கூடின. அடுத்த முப்பது ஆண்டுகளில், நோரோசோவின் அசைமுறையும் சேர்ந்து, கற்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன.

வாசிப்பு சரிதானா என்று எப்படித் தெரியும்? மண்ணைக் கேட்கலாம். கோப்பானின் அந்தப் பீடம் 776-இல் செய்யப்பட்டது. அதை வைத்த பதினாறாம் அரசன், 426-இல் வம்சத்தைத் தொடங்கிய கினிச் யாஷ் குக் மோவிடமிருந்து ஆட்சிக்கோலைப் பெறுவதுபோல் செதுக்கச் செய்திருக்கிறான். முதல்வன் வெளியிலிருந்து வந்தவன் என்கிறது எழுத்து. 1990-களில் கோப்பான் கோட்டைமேட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டியபோது, அந்தக் காலத்துக் கல்லறை ஒன்றில் வயதான ஆணின் எலும்புகள் கிடைத்தன. உடலில் பழைய காயங்கள் பல. பற்களிலும் எலும்பிலும் இருந்த ஸ்ட்ரோன்சியம் ஐசோடோப்புகளின் விகிதம், அவர் கோப்பானில் வளர்ந்தவர் அல்லர் என்று காட்டியது. முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து எழுதியவர்கள் சரியாகவே எழுதியிருந்தார்கள்.

பாலெங்கே நகரில் வழக்கு இன்னும் சுவையானது. மெக்சிகோ ஆய்வாளர் அல்பெர்த்தோ ரூஸ் லுயியே 1952-இல் ஒரு பிரமிடுக்குள் இறங்கும் படிக்கட்டைச் சுத்தம் செய்துகொண்டே போய், பாக்கால் அரசனின் கல்லறையை அடைந்தார். எழுத்தை வாசித்தவர்கள், அவன் 603-இல் பிறந்து, 615-இல் பன்னிரண்டு வயதில் அரியணையேறி, 683-இல் எண்பது வயதில் இறந்தான் என்றார்கள். எலும்பைப் பார்த்தவர்கள் நாற்பது ஐம்பதுக்கு மேல் இராது என்றார்கள். ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. முதியவர்களின் எலும்பு வயதைக் கணிக்கும் பழைய முறை தவறு என்பது பின்னர் தெளிவாயிற்று. புதிய ஆய்வுகள் முதுமைப் பக்கமே சாய்ந்தன.

எழுத்து உண்மை பேசுகிறது என்பதற்காக, முழு உண்மையும் பேசுகிறது என்று கொள்ளக் கூடாது. இவை அரசர்களின் மெய்க்கீர்த்திகள். டிக்காலில் ஆறாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏழாம் நூற்றாண்டின் இறுதிவரை, ஏறத்தாழ 130 ஆண்டுகள், தேதியிட்ட தூண் ஒன்றுகூட இல்லை. ஏன் என்பதை டிக்கால் சொல்லவில்லை. பெலீஸ் நாட்டில் உள்ள காரகோல் நகரத்துப் பீடம் ஒன்று சொல்கிறது: 562-இல் டிக்கால் போரில் வீழ்ந்தது. பின்னணியில் இருந்தது, பாம்புத்தலையை இலச்சினையாகக் கொண்ட கானுல் மரபு. அதன் தலைநகராகப் பின்னர் விளங்கியது இன்றைய மெக்சிகோவின் கலாக்முல். இரண்டு வல்லரசுகளும், அவற்றைச் சுற்றி மணவுறவாலும் கப்பத்தாலும் அச்சத்தாலும் கட்டுண்ட சிற்றரசுகளுமாக அக்காலத்து மாயா அரசியல் விரிகிறது. 682-இல், ‘ஆறு வானம்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட இளவரசி ஒருத்தி தோஸ் பிலாஸிலிருந்து நரான்ஹோ நகருக்கு வந்து, அழிந்துபோயிருந்த மரபை மீண்டும் தொடங்கினாள். அவளுடைய மகன் ஐந்து வயதில் அரசனானான். ஆண்டவள் அவள்தான், வீழ்ந்த கைதியின்மேல் நிற்கும் கோலத்தில், பேரரசர்களுக்குரிய முறையில், தன்னைச் செதுக்கச் செய்தாள். 695-இல் டிக்காலின் ஹசாவ் சான் காவீல் கலாக்முலைத் தோற்கடித்தபோது, டிக்கால் மீண்டும் எழுதத் தொடங்கியிருந்தது. தோற்றவர் மௌனமாவதும் வென்றவர் பேசுவதும் சேர்ந்துதான் இந்த ஆவணம். அதனால் ஒரு நகரத்தின் கல்லை மட்டும் வாசிப்பவர் ஏமாந்துபோவார்.

கற்களில் சாதாரண மக்கள் இல்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்தும் குறை. ஆனால் ஓரிடத்தில் இருக்கிறார்கள். கலாக்முலில் 2004-இல், சந்தைப் பகுதியில் இருந்த ஒரு கட்டடத்தின் புறச்சுவரில் ஓவியங்கள் வெளிப்பட்டன. ஒரு பெண் பானையிலிருந்து மக்காச்சோளக் கஞ்சி வார்க்கிறாள், ஒருவர் வாங்கிக் குடிக்கிறார். பக்கத்தில் எழுத்து: ‘கஞ்சிக்காரர்’. வேறோர் இடத்தில் ‘உப்புக்காரர்’, மற்றோர் இடத்தில் ‘புகையிலைக்காரர்’. அரசர்களின் பட்டங்களைப் பொறித்த அதே எழுத்து இங்கே தொழிலைச் சொல்லி மனிதரைக் காட்டுகிறது. எல் சால்வடோரின் ஹோயா தெ செரென் சிற்றூரில் எழுத்து இல்லை. ஏழாம் நூற்றாண்டளவில் எரிமலைச் சாம்பல் அதை மூடியதால் வரப்புவரப்பாக மக்காச்சோளமும் மரவள்ளியும், வேதுக்குளியல் அறையும், பாத்திரத்தில் மிஞ்சிய உணவின் தடமும்கூட அப்படியே இருக்கின்றன.

அந்தக் கஞ்சி இல்லாமல் இந்தக் கற்களும் இல்லை. தென்மேற்கு மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப்பகுதியில், தியோசின்ட் என்ற காட்டுப்புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் மக்காச்சோளத்தைப் பழக்கியெடுத்தார்கள். அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைக்கும் முறை, தானியத்தில் பிணைந்திருக்கும் நயாசினை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது. அந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பிற்காலத்தில் பெல்லாக்ரா நோய் வாட்டியது. மிளகாய், தக்காளி, கொய்யா, சப்போட்டா, கொக்கோ, பருத்தியின் ஓர் இனம் என அங்கிருந்து உலகம் பெற்றவை ஏராளம். பாரம் இழுக்கும் விலங்கு அங்கே இல்லை. குதிரை இனம் பனியுகத்தின் முடிவிலேயே அமெரிக்காவில் அழிந்துவிட்டது. சக்கரம் தெரியாதவர்கள் அல்லர். வெராக்ரூஸ் பகுதியில் சக்கரம் வைத்த சுடுமண் விலங்குப் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. கல்தூண் முதல் பிரமிடு வரை எல்லாவற்றுக்கும் மனிதத் தோளும் படகுமே துணை.

எழுத்து எப்போது தொடங்கியது? வளைகுடாக் கடற்கரையின் ஓல்மெக் மக்கள் கி.மு. 1400 முதல் 400 வரையிலான காலத்தில் சான் லொரென்சோவிலும் லா வெந்தாவிலும் பெரிய ஊர்களைக் கட்டினார்கள். துஸ்த்லா மலைகளிலிருந்து எரிமலைக் கல்லை இழுத்துவந்து, இதுவரை கிடைத்துள்ள பதினேழு பெருந்தலைச் சிற்பங்களைச் செதுக்கினார்கள். ஒவ்வொரு முகமும் வேறு, ஒவ்வொரு தலைக்கவசமும் வேறு. அவை குறிப்பிட்ட மனிதர்களின் முகங்கள் என்பதில் ஐயம் குறைவு. அவர்கள் பெயர் எதுவும் எழுதப்படவில்லை. ஒஹாக்கா பள்ளத்தாக்கில், சான் ஹோசே மொகோத்தே என்ற சப்போட்டெக் ஊரில், இரண்டு கட்டடங்களுக்கு இடையிலான வழியில் ஒரு கல் படியாகக் கிடந்தது. மார்பு பிளக்கப்பட்ட ஓர் ஆண், குருதி வழியும் கோலம், கால்களுக்கிடையே இரண்டு குறிகள்: ‘1 நிலநடுக்கம்’. அது அவன் பிறந்த நாளின் பெயர், ஆகவே அவன் பெயர். அகழ்ந்தவர்கள் அதைக் கி.மு. 600 அளவினது என்கிறார்கள். பிந்தையது என்று மறுப்போரும் உண்டு. எதுவாயினும், அமெரிக்கக் கண்டத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப்பழைய எழுத்துகளில் ஒன்று கொல்லப்பட்ட கைதியின் பெயர். போவோர் வருவோர் மிதிக்கும் இடத்தில் அதை வைத்திருந்தார்கள். எழுத்து அங்கே ஆட்சியோடும் வன்முறையோடும் சேர்ந்தே பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே பள்ளத்தாக்கில் கி.மு. 500 அளவில் மலையுச்சியில் எழுந்த மோந்தே அல்பான் நகரத்தில், இப்படி வீழ்ந்த மனிதர்களின் உருவம் பொறித்த பலகைக் கற்கள் முந்நூற்றுக்கும் மேல்.

நெடுங்கணக்கு மாயர்களுக்கு மட்டும் உரியது அன்று. 1939-இல் மேத்யூ ஸ்டிர்லிங் வெராக்ரூஸின் திரேஸ் சப்போத்தேஸ் ஊரில் ஒரு தூணின் கீழ்ப்பாதியைக் கண்டெடுத்தார். தேதியின் முதல் எண் உடைந்துபோயிருந்தது. அவர் மனைவி மரியோன் மற்ற எண்களைக் கொண்டு கணக்கிட்டு, அது 7 ஆகத்தான் இருக்க வேண்டும், ஆகவே கி.மு. 32 என்றார். மாயா நாட்டுக்கு வெளியே அவ்வளவு பழைய தேதியா என்று பலர் நம்பவில்லை. சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து மேற்பாதி கிடைத்தது. அதில் 7 இருந்தது.

378-இல் டிக்காலுக்கு வந்தவன் எங்கிருந்து வந்தான்? பெரும்பாலோர் கை நீட்டுவது மெக்சிகோ மேட்டுநிலத்தின் தியோத்திவாக்கானை நோக்கி. நேர்க்கோட்டில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். இருபது சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. மூன்றாம் நூற்றாண்டுக்குப் பின் அந்நகரம் பெரும் பிரமிடுகள் கட்டுவதை நிறுத்திவிட்டு, சுண்ணச்சாந்து பூசிய கல் குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கியது. அப்படி இரண்டாயிரத்துக்கும் மேல். பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த அவை, நகர மக்களில் பெரும்பாலோருக்கு வீடாயின. ஒஹாக்காவிலிருந்து வந்த சப்போட்டெக் மக்களுக்குத் தனித் தெருவே இருந்தது. இவ்வளவு பெரிய நகரத்தில் அரசன் ஒருவனின் கல்லறை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இதுவரை கிடைக்கவில்லை; பெயரும் உருவமும் சேர்த்துப் பொறித்த அரசத் தூண் ஒன்றும் இல்லை. கூட்டாட்சி நடந்ததா என்ற கேள்வி இதனால்தான் எழுகிறது. எனக்கு அந்தப் பக்கம் சாய்வு உண்டு; ஆனால் சிறகுள்ள பாம்புப் பிரமிடு எழுந்தபோது இருநூறுக்கும் மேற்பட்டோர் பலியாகப் புதைக்கப்பட்டதும் இதே நகரத்தில்தான் என்பதை மறந்து அதைச் சமத்துவபுரியாக்கிவிடக் கூடாது.

378-க்கு முந்தைய உறவின் தடயம் அண்மையில் கிடைத்தது. தியோத்திவாக்கானின் தூண்கள் முற்றம் என்ற வளாகத்தில் மாயா பாணிச் சுவரோவியங்கள் இருந்திருக்கின்றன. அவை வேண்டுமென்றே சுக்குநூறாக உடைக்கப்பட்டிருந்தன. அங்கேயே, மூன்றாம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த ஒரு சிலந்திக் குரங்கின் எலும்புக்கூடு, கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில். மேட்டுநிலத்தில் வாழாத விலங்கு. தாழ்நிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, சில ஆண்டுகள் வளர்க்கப்பட்டு, பலியிடப்பட்டது. பரிசுப்பொருள் பரிமாற்றமாகத் தொடங்கிய நட்பு எங்கோ முறிந்து, 378-இல் படையெடுப்பாக முடிந்தது என்று இவற்றை அடுக்கிப் பார்க்கத் தோன்றுகிறது. ஆயினும் தியோத்திவாக்கான் தன் பக்கத்துக் கதையை எழுதிவைக்கவில்லை. அந்தப் பெருநகரத்தின் அரசியல் நிகழ்ச்சி ஒன்று நமக்கு நாளோடு தெரிகிறதென்றால், அது டிக்காலின் கல்லால்தான்.

மாயா நகரங்களின் தூண்கள் எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாக நின்றுபோயின. நெடுங்கணக்கில் எழுதிய கடைசித் தூண்களில் ஒன்று தோனினா நகரத்தது, 909. குகைப் பாறைப் படிவுகளும் ஏரி மண்ணும் அக்காலத்து நீண்ட வறட்சிகளைக் காட்டுகின்றன. ஓயாத போர், காடழிப்பு, அரசர்களின்மேல் மக்கள் இழந்த நம்பிக்கை எல்லாம் சேர்ந்தன. நின்றுபோனது தெற்குத் தாழ்நிலத்தின் அரசமுறை. மக்கள் மறையவில்லை. வடக்கே சிச்சேன் இட்சா எழுந்தது, பின் மாயப்பான் எழுந்தது. பெத்தேன் ஏரித்தீவின் நோஹ்பெத்தேன் அரசு 1697 வரை ஸ்பானியருக்கு அடங்காமல் இருந்தது.

மேற்கே ஒஹாக்காவின் மிஸ்டெக் மக்கள் மான்தோலில் எழுதினார்கள். ஓவியமும் எழுத்தும் கலந்த அந்தச் சுவடிகள் தெய்வக் கதைகள் என்றே கருதப்பட்டன. மெக்சிகோவின் அல்ஃபோன்சோ காசோ, தியோசகோவால்கோ என்ற ஊரில் 1580 அளவில் வரையப்பட்ட நிலப்படம் ஒன்றை ஆராய்ந்து, அதில் உள்ள அரச வரிசை சுவடிகளில் உள்ள வரிசையோடு பொருந்துவதை 1949-இல் காட்டினார். தெய்வங்கள் மனிதர்களாயினர். அவர்களில் பெரியவன் ‘எட்டு மான், புலிநகம்’. 1063-இல் பிறந்தவன், பரம்பரை உரிமை இல்லாமலே தன் வலிமையால் திலாந்தொங்கோவின் அரசனானவன். தனக்கு எதிரான குடும்பத்தின் அரசி ‘ஆறு குரங்கு’ உட்பட எல்லாரையும் ஒழித்தவன், அவளுடைய சிறுவயது மகன் ‘நான்கு காற்றை’ மட்டும் உயிரோடு விட்டான். 1115-இல் எட்டு மான் கைப்பற்றப்பட்டுப் பலியிடப்பட்டான்; அதில் நான்கு காற்றுக்குப் பங்கிருந்ததைச் சுவடிகள் உணர்த்துகின்றன. பின்னாளில் அந்த நாட்டின் பெருந்தலைவனாக உயர்ந்தவன் அதே நான்கு காற்று.

ஆஸ்டெக் என்று நாம் அறிந்திருக்கும் மெஷிக்கா மக்கள், ஏரியின் நடுவே தெனோச்தித்லானை 1325-இல் அமைத்ததாகத் தங்கள் ஆண்டேடுகளில் குறித்திருக்கிறார்கள். நூறாண்டு காலம் அஸ்கபொத்சால்கோவுக்குக் கப்பம் கட்டியவர்கள், 1428-இல் அதை வீழ்த்தி, தெஸ்கோகோ, த்லாகோபான் நகரங்களோடு முக்கூட்டணி அமைத்தார்கள். வென்றபின் அவர்களின் அரசன் இட்ஸ்கோவாத்ல் செய்த செயல் ஒன்று: பழைய வரலாற்றுச் சுவடிகளை எரிக்கச் செய்தான். பொய் நிறைந்திருக்கிறது, எல்லாரும் அறிவது நல்லதன்று என்பது காரணம். லாண்டாவுக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே, சொந்த மண்ணின் அரசனே மூட்டிய நெருப்பு இது. இதைச் சொல்வது லாண்டாவின் குற்றத்தைக் குறைக்க அன்று. எரிக்க வேண்டும் என்று ஒரு பேரரசு அஞ்சும் அளவுக்கு அங்கே வரலாறு எழுதப்பட்டிருந்தது, அது ஆட்சியுரிமைக்கு ஆதாரமாக வாசிக்கப்பட்டது. இட்ஸ்கோவாத்லால் முழுமையாக எரிக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு நகர்நாடும் தனக்கென ஆண்டேடு வைத்திருந்தது. மெஷிக்காவின் பிடிக்குள் வராத த்லாஷ்காலாவில் பல தலைவர்கள் அடங்கிய அவை ஆண்டது. அங்கே வேறு கதை, வேறு நினைவு. 1519-இல் ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தேஸ் வந்தபோது த்லாஷ்காலா முதலில் போரிட்டு, பிறகு அவன் பக்கம் சேர்ந்ததை அந்தத் தனி வரலாற்றை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ளவே முடியாது. 1521 ஆகஸ்ட் 13-இல் தெனோச்தித்லான் வீழ்ந்தபோது, முற்றுகையிட்ட படையில் மிகப்பெரும்பாலோர் உள்ளூர் மக்கள். நகரத்துக்குள் பெரியம்மை முன்பே புகுந்து கொன்றிருந்தது.

நகரம் போனபின்னும் எழுதுவது நிற்கவில்லை. ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தெ சாஹகூன் பெயரில் உள்ள ஃபுளோரன்ஸ் சுவடியின் பன்னிரண்டு பகுதிகளும், அந்தோனியோ வலேரியானோ, மார்த்தின் ஹகோபீத்தா போன்ற நாவா அறிஞர்கள் முதியவர்களிடம் கேட்டு, மெஷிக்கா மக்களும் பேசிய நாவாட்டில் மொழியில் எழுதியவை. இட்ஸ்கோவாத்ல் சுவடி எரித்த செய்தி நமக்குத் தெரிவது அதிலிருந்துதான். கிச்சே மாயர்கள் தங்கள் தோற்றக் கதையையும் அரச வரிசையையும் ‘பொப்போல் வூ’ என்ற பெயரில் லத்தீன் எழுத்தில் எழுதிக் காத்தார்கள். சிமல்பாஹின் என்ற நாவா வரலாற்றாசிரியர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் ஊரான சால்கோ அமெகமெகாவின் பழைய ஆண்டேடுகளை நாவாட்டிலில் தொகுத்தார். மெக்சிகோ நகருக்கு ஜப்பானியத் தூதுக்குழு வந்ததையும் அதே ஆண்டேட்டு நடையில் பதிந்து வைத்தார்.

புரோஸ்கூரியாக்கோவ் 1985-இல் இறந்தார். அவருடைய சாம்பல் 1998-இல் பியெத்ராஸ் நெக்ராஸில் புதைக்கப்பட்டது. அதற்குள் எழுத்தை வாசிக்கும் கலை வேறு கைகளுக்கும் போயிருந்தது. 1980-களின் இறுதியிலிருந்து லிண்டா ஷீலி, நிக்கோலாய் குரூபே முதலிய ஆய்வாளர்கள் குவாத்தமாலாவில் மாயா மொழி ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தினார்கள். இன்று முப்பதளவு மாயா மொழிகளைப் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். மேட்டுநிலக் கிச்சே ஊர்களில் பழைய 260 நாள் சடங்கு நாட்காட்டியின் கணக்கை வைத்திருக்கும் நாட்காவலர்கள் அறுபடாமல் இருக்கிறார்கள். கக்சிக்கெல் பேசும் இளைஞர்கள் பழைய எழுத்தில் தங்கள் மொழியை எழுதுகிறார்கள். அந்த எழுத்தில் பொறித்த புதிய தூண்களையும் நாட்டியிருக்கிறார்கள். அவர்கள் மொழியில் தொண்டையடியில் பிறக்கும் சில ஒலிகளுக்குப் பழைய எழுத்தில் குறி இல்லை. அவற்றுக்கான குறிகளை அவர்களே உருவாக்கிக்கொள்கிறார்கள்.